மாணவராக இருந்தபோதே இரண்டு கண்டுபிடிப்பு!

கணையம் பாடத்தில் 'லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்' என்று மார்க்குக்காக உருப்போட்டவர்கள்தான் நாம். அந்தப் பெயருக்குப் பின்னால் நம் வயதை ஒட்டிய ஒரு மாணவர் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பால் லாங்கர்ஹான்ஸ் 1847-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில், ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தார். மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1868-ல், மனிதத் தோலுக்குத் தங்கக் குளோரைடால் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மரக்கிளை போலக் கை நீட்டிய செல்கள் தெரிந்தன. நரம்பைச் சேர்ந்தவை என்று எண்ணினாலும், பார்த்ததைப் பார்த்தபடியே விவரித்தார். 1869-ல் பட்ட ஆய்வுக்காகக் கணையத்தைப் பார்த்தபோது, தனித்தனியாகக் கிடந்த செல் கூட்டங்களைக் கண்டார். எதற்கு என்று புரியவில்லை. அதையும் எழுதி வைத்தார்.

பிறகு பேராசிரியரானார். ஆனால் காசநோய் பிடித்துக்கொண்டது. 1875-ல் போர்ச்சுகலின் மதெய்ரா தீவுக்குப் போனார். அங்கும் சும்மா இருக்கவில்லை. வைத்தியம் பார்த்தார், கடல் புழுக்களை ஆராய்ந்தார். 1888-ல், 41-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு மறைந்தார்.

கணையத் திட்டுகளில் சுரப்பது இன்சுலின். 1921-ல் டொரன்டோவில் அதைப் பிரித்தெடுத்தார்கள். தோல் செல்கள் நரம்பு அல்ல, காவல்காரர்கள் என்று தெளிவாக நூறு வருஷத்துக்கு மேல் ஆனது!

காவல் எப்படி? தோலில் கிருமி நுழைந்தால் இந்தச் செல் அதை விழுங்கித் துண்டாக்கும். ஒரு துண்டைத் தன் மேல்புறத்தில் ஏந்திக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போகும். நெறி கட்டுது என்கிறோமே, அந்த இடம்தான். அங்கே அந்தத் துண்டுக்குப் பொருந்தும் டி செல் வந்து ஒட்டினால் முதல் சிக்னல். அது மட்டும் போதாது. காவல் செல்லின் பி7, டி செல்லின் சிடி28-ஐத் தொடுவது இரண்டாவது சிக்னல். இரண்டும் சேர்ந்தால்தான் டி செல் பெருகிப் போருக்குக் கிளம்பும். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்குமே, அதே பாதுகாப்பு!

அதையும் மீறித் தவறு நடப்பதுண்டு. என் தங்கச்சிக்கு ஒன்பது வயதில் சுகர் வந்தது. மிட்டாய் கொடுத்துக் கெடுத்துட்டா என்று சொந்தக்காரர்கள் அம்மா மேல் பழி போட்டார்கள். உண்மை வேறு. தோல் செல்களுக்கு உறவான வேறு காவல் செல்கள் நம் உடம்பின் துண்டையே எதிரி போலக் காட்ட, டி செல்கள் கிளம்பிப் போய் இன்சுலின் செல்களை அழித்துவிடுகின்றன. அதுதான் டைப் 1 சர்க்கரை நோய்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். இதை அம்மாவிடம் விளக்கிச் சொன்ன அன்று, உன் மேல் தப்பில்லை அம்மா என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. என் படிப்பால் வீட்டுக்கு வந்த முதல் வருமானம் அதுதான்!

நண்பர்களே, லேபில் ரீடிங் ஒத்துவராவிட்டால் பக்கத்து ரெக்கார்டு நோட்டைத் தேடாதீர்கள். கண்ணில் பட்டதை அப்படியே எழுதுங்கள். அர்த்தத்தை நமக்குப் பின்னால் வருபவர்கள் கண்டுபிடிக்கட்டும்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை