தோடர் மொழி கற்ற எமனோ

எங்க ஊர் அய்யம்பாளையத்துக்கு மேலே, பழனி மலையில் பளியர்கள் வாழ்கிறார்கள். என்னோடு படிக்கும் பளியர் நண்பன், நாங்க கேலி பண்ணுவோம்னு வீட்டுப் பேச்சை வெளியே பேசவே மாட்டான்.

எமனோவின் வாழ்க்கையைப் படித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. 1904-ல் கனடாவில் பிறந்தவர். 1935-ல் இந்தியா வந்தார். நீலகிரியில், எழுத்தே இல்லாத, மிகச் சிலரே பேசும் தோடர் மொழியைத் தோடர்களிடமே கற்றார். அவர்கள் பாடப் பாட எழுதிக்கொண்டார். பாடல் தொகுப்பு வந்தது 1971-ல். இலக்கண நூல் வந்தது 1984-ல். அப்போ அவருக்கு வயசு எண்பது! 2005-ல் மறைந்தார்.

போன வாரம் நண்பனிடம் அவங்க பேச்சில் நாலு வார்த்தை கேட்டேன். முதலில் முறைத்தான்; அப்புறம் சொன்னான். நான் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொன்னேன். இந்தத் தடவை சிரித்தது அவன்தான்!