பள்ளிக்கூடம் விட்டவர் பள்ளிக்கூடம் திறந்த கதை
(இரண்டாமாண்டு, டெக்ஸ்டைல் டெக்னாலஜி)



நம்ம பக்கம் ஒரு பையன் படிப்பை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்குப் போகும்போது வீட்டில் ஒரு நியாயம் பேசுவான். காமராஜர் என்ன படிச்சாரு, அவரு நாட்டையே ஆளலையா என்று கேட்பான். அம்மா அப்பாவுக்குப் பதில் தெரியாது. சனிக்கிழமை ஆனால் கைக்குச் சம்பளம் வருகிறதே என்று அவர்களும் விட்டுவிடுவார்கள். அந்த நியாயம் சரிதானா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

காமராஜர் 1903 ஜூலை 15-ல் விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில் பிறந்தார். அப்பா குமாரசாமி, தேங்காய் வியாபாரி. அம்மா சிவகாமி அம்மாள். நாகம்மாள் என்று ஒரு தங்கை. காமராஜருக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பா இறந்துபோனார். அம்மா தன் நகைகளை விற்று அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் போட்டு, வட்டியில் குடும்பம் நடத்தினார். சத்திரிய வித்தியாசாலாவில் ஆறாம் வகுப்போடு பையனின் படிப்பு நின்றது. அடுத்து எங்கே போனார் தெரியுமா? தாய்மாமன் கருப்பையாவின் ஜவுளிக்கடைக்கு! துணி அளந்து கொடுப்பதில்தான் அவருடைய பிழைப்பு தொடங்கியது. ஜவுளி ஊர்க்காரர்களான நமக்கு இது ஒரு உறவு மாதிரி.

ஆனால் பையனின் மனசு கடையில் நிற்கவில்லை. 1919-ல் ஜாலியன் வாலாபாக் படுகொலைச் செய்தி அவரை உலுக்கியது. கூட்டம், ஊர்வலம் என்று அலைந்தவரைத் திருத்துவதற்காகத் திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கே போயும் வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார். கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம். அதில் முதல் முறையாக ஜெயிலுக்குப் போனார். நம்ம ஊரில் கொடி காத்த குமரன் அடிபட்டு உயிர்விட்ட 1932-ல் காமராஜர் மறுபடியும் உள்ளே. மொத்தத்தில் ஏறக்குறைய ஒன்பது வருஷம் சிறையில் கழித்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட ஜெயிலில் இருந்தது அதிகம்! அந்த வருஷங்களைச் சும்மா போக்கவில்லை. உள்ளே இருந்தபடியே புத்தகங்களும் பத்திரிகைகளும் படித்தார், ஆங்கிலமும் கற்றுக்கொண்டார். ஆகவே பள்ளியை விட்டவர் என்று சொல்லலாமே தவிர, படிக்காதவர் என்று சொன்னால் அது பாதி உண்மைதான்.

சத்தியமூர்த்தியைக் குருவாகக் கொண்டு கட்சியில் வளர்ந்தார். 1937-ல் சாத்தூர் தொகுதியில் போட்டியின்றிச் சட்டசபைக்குப் போனார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். 1941-ல் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு உடனே ராஜினாமா செய்துவிட்டார். முழு வேலை செய்ய முடியாத பதவி தனக்கு வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

1954 ஏப்ரல் 13-ல் முதலமைச்சரானார். மொத்தம் எட்டே பேர் கொண்ட மந்திரிசபை. தலைவர் பதவிக்குத் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும், அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார். வேலை தெரிந்தவர் யாராக இருந்தாலும் விடக்கூடாது என்று நினைத்தார்.

அதற்கு முந்தைய வருஷம் ஒரு கல்வித் திட்டம் வந்திருந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம்தான் பாடம், மீதி நேரம் தகப்பன் செய்யும் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று சொல்லி நாடே எதிர்த்தது. காமராஜர் பதவிக்கு வந்ததும் அதை ரத்து செய்தார். நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அப்பன் தொழிலே பிள்ளைக்கு என்றிருந்தால் நம்மில் எத்தனை பேர் இந்த வகுப்பறைக்கு வந்திருப்போம்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான்தான். இந்த மலரைப் படிக்கிறவர்களில் பலரும் அப்படித்தான் இருப்பீர்கள்.

பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களில் பள்ளிக்கூடம் திறந்தார். ஆனால் திறந்தால் மட்டும் போதுமா? பசியோடு இருக்கும் பிள்ளை எப்படி வரும்? 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் ஊர் மக்கள் கொடுத்த அரிசி பருப்பில் நடந்தது, பிறகு அரசாங்கம் பணம் கொடுத்தது. கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு துணையோடு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, மணி, கடிகாரம் என்று ஊர்க்காரர்கள் தங்கள் பள்ளிக்குத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். இலவசச் சீருடையும் வந்தது. படிப்படியாகப் பள்ளி இறுதி வரை எல்லோருக்கும் இலவசக் கல்வி ஆனது. நம்ம பாலிடெக்னிக் படிப்பும் அந்தக் காலத்தில்தான் பெரிய நகரங்களை விட்டு வெளியே பரவியது. பொள்ளாச்சி நாச்சிமுத்து பாலிடெக்னிக் 1957-ல் தொடங்கியதுதான்.

நம்ம மாவட்டத்துக்கு அவர் காலம் கொடுத்ததைச் சொல்லாமல் விட முடியாது. அமராவதி அணை 1957-ல் முடிந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தை 1961-ல் நேரு தொடங்கி வைத்தார். உடுமலை, பல்லடம், காங்கயம் காடுகளுக்குத் தண்ணீர் வர வழி பிறந்தது. கனடா நாட்டு உதவியோடு குந்தா மின்திட்டம் வந்தது. மின்சாரம் இல்லாமல் மில் ஏது, பனியன் ஏது? நெய்வேலி, கிண்டி தொழிற்பேட்டை, திருச்சி பெல் எல்லாம் அந்த ஒன்பது வருஷத்தில் வேர் விட்டவை.

1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. 1964-ல் காமராஜர் தலைமை வகித்த புவனேஸ்வர் மாநாடு ஜனநாயக சோசலிசத்தை லட்சியமாக ஏற்றது. ஓட்டு மூலமாகவே ஏழைக்குச் சோறும் படிப்பும் மருந்தும் கொடுப்பது என்பதுதான் அதன் அர்த்தம். சுவீடன் நாட்டில் பெர் ஆல்பின் ஹான்சன் என்று ஒரு பிரதமர் இருந்தார். அவரும் நாலு வருஷமே பள்ளிக்கூடம் போய்விட்டுக் கடையில் எடுபிடி வேலை செய்தவர். நாடு ஒரு நல்ல குடும்பம் மாதிரி இருக்க வேண்டும், அதில் மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை என்ற பேதம் கூடாது என்று நினைத்தார். 1946-ல் டிராம் வண்டியில் வீட்டுக்குத் திரும்பி, இறங்கிய இடத்திலேயே மாரடைப்பில் இறந்தார். தேசம் வேறு, பாஷை வேறு, ஆனால் வழி ஒன்று!

1963 அக்டோபர் 2-ல் கட்சி வேலைக்காக முதலமைச்சர் பதவியைத் தானே விட்டார். அதுதான் கே பிளான். பிறகு அகில இந்திய காங்கிரஸ் தலைவராக இருந்து, நேருவுக்குப் பின் 1964-ல் சாஸ்திரியும், 1966-ல் இந்திரா காந்தியும் பிரதமராக வழி செய்தார். தான் அந்த நாற்காலிக்கு ஆசைப்படவில்லை.

ஆனால் ஜனங்கள் அவரைத் தோற்கடிக்கவும் செய்தார்கள். அரிசிப் பஞ்சம், 1965 மொழிப் போராட்டத்தில் மாணவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடு, இரண்டும் காங்கிரஸ் ஆட்சிமேல் கோபமாகத் திரண்டிருந்தன. 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அவர் திறந்த பள்ளிகளில் படித்து வந்த தலைமுறையே அவரைக் கேள்வி கேட்டது என்றுகூடச் சொல்லலாம். தோல்வியை அமைதியாக ஏற்றுக்கொண்டார். 1969-ல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று சென்னையில் காலமானார். குடியிருந்தது வாடகை வீடு. விட்டுப்போனது சில வேட்டி சட்டைகளும் புத்தகங்களும் கொஞ்சம் பணமும்தான். 1976-ல் பாரத ரத்னா கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 15-ஐ கல்வி வளர்ச்சி நாளாக நம் பள்ளிகள் கொண்டாடுகின்றன.

இப்போது முதலில் சொன்ன நியாயத்துக்கு வருவோம். காமராஜர் ஆசைப்பட்டுப் படிப்பை விடவில்லை, அப்பா இல்லாத வீட்டு நிலைமை நிறுத்தியது. தனக்கு நேர்ந்தது இன்னொரு பிள்ளைக்கு நேரக்கூடாது என்றே ஒன்பது வருஷம் ஆண்டார். அப்படிப்பட்டவர் பெயரைச் சொல்லி ஒருவன் படிப்பை விட்டால், அவர் செய்த வேலையையே இல்லை என்று சொல்வதாகத்தான் அர்த்தம். கம்பெனி எங்கேயும் ஓடிப்போகாது. ஒண்ணரை ஷிப்ட் வேலை டிப்ளமோ முடித்த பிறகும் இருக்கும், அப்போது சூப்பர்வைசராகவே போகலாம். பாதியில் நின்ற நண்பன் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், இந்த மலரை அவனிடம் கொடுத்து, அரியர் எழுதக் கூட்டி வாருங்கள்.

வாழ்க பெருந்தலைவர் புகழ்!