வலியை அளக்க முயன்ற டாக்டர்!

குட்டீஸ்... ஓடிப் பிடித்து விளையாடும்போது விழுந்து, முழங்காலில் தோல் உரிந்திருக்கும். ஆட்டம் முடியும் வரை அது தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்ததும்தான், சுரீர் என்று வலிக்கும். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும், இல்லையா? இதே புதிரைப் போர்க்களத்தில் சந்தித்த ஒரு டாக்டரின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் ஹென்றி பீச்சர். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், 1904ம் ஆண்டு பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுக்கும் துறையில், 1941ம் ஆண்டு அங்கேயே பேராசிரியர் ஆனார்.

அது இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். ராணுவ டாக்டராக வட ஆப்பிரிக்காவுக்கும், இத்தாலிக்கும் போனார் பீச்சர். எலும்பு முறிந்தவர்கள், வயிற்றிலும் மார்பிலும் காயம் பட்டவர்கள் என்று, வீரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்தனர். எல்லாரும் வலியால் துடித்திருப்பர் என்றுதானே நினைக்கிறீர்கள்?

நல்ல நினைவோடு இருந்த 215 வீரர்களிடம், வலி எவ்வளவு, மருந்து வேண்டுமா என்று விசாரித்தார் பீச்சர். நாலில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றனர்! வலியைக் குறைக்கும் மார்பின் ஊசி போட்டுப் பல மணி நேரம் ஆகியும், இதுதான் பதில். உடம்பு மரத்துப் போய்விட்டதா? அதுவும் இல்லை. ஊசியைச் சரியாகக் குத்தாவிட்டால், அதே வீரர்கள் நம்மைப் போலவே கோபித்துக்கொண்டனர்.

போர் முடிந்தபின், ஆபரேஷன் செய்துகொண்ட 150 சாதாரண ஆண்களிடமும் இப்படியே விசாரித்தார். அவர்களுக்கு வீரர்களைவிடக் காயம் சிறியது. ஆனாலும், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மருந்து கேட்டனர். ஏன்? வீரனுக்குக் காயம் என்றால், உயிர் பிழைத்துப் போர்முனையை விட்டுப் போகலாம் என்ற நிம்மதி. மற்றவர்களுக்கோ ஆபரேஷன் என்றாலே பயம். மனதின் நிலை வலியைக் கூட்டும், குறைக்கும் என்று புரிந்துகொண்டார் பீச்சர்.

சரி, வலியை எப்படி அளப்பது? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு, வலிக்கு இல்லையே! அதனால், சிலருக்கு உண்மையான மருந்தும், சிலருக்கு மருந்தே இல்லாத போலி மருந்தும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எது யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது. வலி குறைந்ததா என்று கேட்பவருக்கும் தெரியாது. அப்போதுதான் பதில் நேர்மையாக இருக்கும். போலி மருந்திலேயே நூற்றுக்கு 35 பேருக்குக் குணம் தெரிகிறது என்று, 1955ம் ஆண்டு எழுதினார். அவர்களில் சிலருக்குத் தானாகவே சரியாகியிருக்கும் என்று, பின்னால் வந்தவர்கள் இந்தக் கணக்கைத் திருத்தினர்.

நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவரை வைத்துச் சோதனை செய்யக் கூடாது என்றும் போராடினார். ஆபத்தான 22 சோதனைகளை, 1966ம் ஆண்டு வெளிச்சம் போட்டுக் காட்டினார். சக டாக்டர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை.

மார்பின் போலவே வலியை அடக்கும் பொருள் நம் உடம்பிலேயே சுரப்பதை, 1975ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பணியாற்றிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். மறு ஆண்டு பீச்சர் மறைந்தார்.

இன்று, ஒரு கையைக் குளிர்ந்த நீரில் வைக்கச் சொல்லி, உடம்பின் வேறோர் இடத்தில் அழுத்திப் பார்க்கின்றனர். அங்கே வலி எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து, உடம்பின் வலி அடக்கும் திறனைக் கணக்கிடுகின்றனர். மூளையையும் ஸ்கேன் செய்கின்றனர். ஆனாலும், எவ்வளவு வலிக்கிறது என்று கடைசியில் அவரவர்தான் சொல்ல வேண்டும்!

ஆகவே குட்டீஸ்... சின்னக் காயத்துக்கு நண்பன் அழுதால் கேலி செய்யாதீர்கள். அவன் வலி அவனுக்குத்தான் தெரியும். உங்களுக்கு அடிபட்டு, வலிக்காவிட்டாலும் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். வலி இல்லை என்பதால், காயம் இல்லை என்று ஆகிவிடாது!