லாஸ் காஸாஸ் பாதிரியாரின் கருணையும் பிழையும்

அமெரிக்கக் கண்டத்தில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக விற்கப்பட்ட வரலாற்றை எழுதப் புகுவோர், ஸ்பெயின் தேசத்துப் பாதிரியாராகிய பார்த்தொலோமே தெ லாஸ் காஸாஸ் என்பாரைப் பற்றிப் பேசாமல் மேற்செல்வதில்லை. சிலர் அவரை ஒடுக்கப்பட்டோரின் காவலர் எனப் போற்றுகின்றனர். வேறு சிலரோ, அவ்வடிமை வாணிபத்திற்கு வித்திட்டவரே அவர்தாம் எனத் தூற்றுகின்றனர். ஒரே மனிதரைப் பற்றி இவ்விரு கூற்றும் எழக் காரணம் யாது? அவருடைய வாழ்க்கையை நாம் சற்று நிதானமாக நோக்குவோம்.

அவர் 1484ஆம் ஆண்டில் செவில் நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். அக்காலத்தே அந்நகரின் வீடுகளிலும் தெருக்களிலும் ஆப்பிரிக்க அடிமைகள் வேலை செய்வது அன்றாடக் காட்சி. 1444ஆம் ஆண்டிலேயே போர்த்துகல் நாட்டு லாகோஸ் துறைமுகத்தில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்துவரப்பட்ட 235 பேரைப் பங்கு பிரித்துக்கொடுத்தார்கள். தாய் ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமுமாகப் பிரிக்கப்பட்டனர். அன்று தொடங்கிய வியாபாரம் ஸ்பெயினுக்கும் பரவியிருந்தது. பிறந்த நாள் முதல் கண்டுவரும் கொடுமை கொடுமையாகத் தோன்றுவதில்லை. லாஸ் காஸாஸின் பிற்கால வாழ்வை அறிவதற்கு இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில், 1493இல், லாஸ் காஸாஸின் தந்தையும் கப்பலேறினார். திரும்பி வந்தவர், தீவுவாசியான ஓர் இளைஞனைத் தம் மகனுக்கு ஏவலாளாக அளித்தார். இசபெல்லா அரசி 1500இல் இட்ட கட்டளையால் அவ்விளைஞன் தன் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டான். நம் தேசத்தை அடைந்துவிட்டதாகக் கொலம்பஸ் எண்ணிய மயக்கத்தினாலே அத்தீவு மக்களுக்கு இந்தியர் என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. தாயினோ என்பதே அவர்தம் இனப் பெயர்.

1502இல் லாஸ் காஸாஸ் தாமே ஹிஸ்பானியோலா தீவை அடைந்தார். அங்கே குடியேறிய ஒவ்வொரு ஸ்பானியருக்கும் இத்தனை தாயினோ மக்கள் என அரசு ஒப்படைத்துவந்தது. அவர்களிடம் வேலை வாங்கிக்கொண்டு அவர்களுக்குக் கிறிஸ்துவ சமயத்தைப் போதிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. வேலை வாங்குதல் நடந்தது. போதனை பெயரளவில் நின்றது. பொன் அரிக்கும் ஆறுகளிலும் சுரங்கங்களிலும் அம்மக்கள் பட்டினியாலும் உழைப்பாலும் மாண்டனர். முன்பு இலட்சக்கணக்கானோர் வாழ்ந்ததாக மதிக்கப்படும் அத்தீவில், 1514இல் கணக்கெடுத்தபோது எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 26,000 பேரே.

லாஸ் காஸாஸும் நிலமும் ஆட்களும் பெற்றார், குருப்பட்டமும் பெற்றார். இரண்டும் ஒருங்கே இருப்பதில் அவருக்கு யாதொரு முரணும் தோன்றவில்லை. 1511ஆம் ஆண்டு டிசம்பரில் மொந்தெசினோஸ் என்னும் டொமினிக்கத் துறவி, இம்மக்கள் மனிதர் அல்லரோ என்று தேவாலயத்தில் குடியேறிகளைப் பார்த்துக் கேட்டார். அச்சபைத் துறவி ஒருவர், தீவு மக்களை வைத்திருப்பவர் என்ற காரணத்தால் லாஸ் காஸாஸுக்குப் பாவமன்னிப்பு அளிக்கவும் மறுத்தார். அப்போதும் இவர் வாதிட்டாரேயன்றி மாறவில்லை.

கியூபாத் தீவைப் பிடிக்கச் சென்ற படையுடன் போனபோது, கவோனாவோ என்னும் ஊரில், உணவு கொண்டுவந்து உபசரித்த மக்களைப் படைவீரர் வாளால் வெட்டிக் குவித்ததை அவர் நேரிற் கண்டார். அதன் பின்னரும் கியூபாவில் புதிதாக ஆட்களைப் பெற்றுக்கொண்டார் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. 1514இல் ஒரு பிரசங்கத்திற்காக வேதநூலைப் புரட்டுகையில், ஏழைகளின் உடைமையைப் பறித்துப் படைக்கும் காணிக்கையைக் கண்டிக்கும் பகுதி அவர் கண்ணிற் பட்டது. பல நாள் சிந்தித்தார். தம்மிடமிருந்த ஆட்களைத் துறந்தார். குடியேறிகளின் முன்னிலையில் அம்முறையையே கண்டித்தார். மறு ஆண்டு அரசரிடம் முறையிட ஸ்பெயினுக்குக் கப்பலேறினார்.

அவருடைய பெரும்பிழை நேர்ந்தது இங்கேதான். தாயினோ மக்களை விடுவித்தால் சுரங்கத்திற்கும் கரும்பாலைக்கும் ஆள் வேண்டுமே என்று கேட்டவர்களுக்கு, ஸ்பெயினிலிருந்து கறுப்பரும் வெள்ளையருமான அடிமைகளைக் கொண்டுபோகலாம் என 1516இல் எழுதிய விண்ணப்பத்தில் அவர் விடை கூறினார். தமக்கு ஒரு டஜன் கறுப்பு அடிமைகள் கிடைத்தால் தீவு மக்களை விட்டுவிடுவதாகக் குடியேறிகள் சிலர் வாக்களித்ததை நம்பி, 1518இலும் இதனை வற்புறுத்தினார்.

அவ்வாணிபத்தைத் தொடங்கியவர் அவர் அல்லர். கறுப்பு அடிமைகளைக் கொண்டுசெல்ல 1501ஆம் ஆண்டின் அரச ஆணையே இடமளித்திருந்தது. 1510இல் பெர்டினாண்டு மன்னர் சுரங்க வேலைக்கென அடிமைகளை அனுப்பச் செய்தார். லாஸ் காஸாஸ் வாய் திறவாதிருந்தாலும் பொன்னாசையும் சர்க்கரை ஆசையும் வாளாவிருந்திரா. ஆயினும், அநீதியை எதிர்த்தெழுந்த ஒரே குரலாகப் பலர் மதித்த குரலே, வேறோர் இனத்தாரின் தலையில் அச்சுமையை ஏற்றலாம் என்றது. பேராசைக்காரருக்கு இதைவிடத் தக்க துணை வேறு ஏது?

1518 ஆகஸ்டில் சார்லஸ் மன்னர், 4,000 ஆப்பிரிக்கரைக் கொண்டுசெல்லும் உரிமையைத் தம் அவைப் பிரமுகர் ஒருவருக்கு வழங்கினார். அப்பிரமுகர் அதனை 25,000 டுக்காட்டுப் பொன்னுக்கு விற்க, அது ஜெனோவா வணிகர் கைக்குப் போயிற்று. அடிமைகளை ஆப்பிரிக்காவிலிருந்தே நேராகக் கொண்டுபோக அதில் அனுமதி இருந்தது. வணிகர் விலையை ஏற்றினர். தாயினோ மக்களோ விடுதலை பெறவில்லை. அவ்வாண்டே பரவத் தொடங்கிய பெரியம்மை எஞ்சியிருந்தோரையும் வாரிக்கொண்டுபோயிற்று. 1521ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில், கொலம்பஸின் மகன் தியேகோவுக்குரிய கரும்பாலையில் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். பிடிபட்டவர்களைத் தூக்கிலிட்டார்கள்.

பின்னர் லாஸ் காஸாஸ் டொமினிக்கத் துறவியானார். 1542இன் புதிய சட்டங்கள் தோன்ற உழைத்தார், சியாபாஸ் நாட்டின் மேற்றிராணியாரானார், குடியேறிகளின் பகையால் வெளியேறினார். 1547இல் ஸ்பெயினுக்கு மீளும் வழியில் லிஸ்பனில் தங்கியது நமக்கு முக்கியமானது. போர்த்துகீசியர் எழுதிய வரலாறுகளை அவர் அக்காலத்திற் கற்றார். ஆப்பிரிக்கர்கள் நியாயமான போரில் சிறைப்பட்டவர்கள் என்று அதுகாறும் நம்பியிருந்தவர், அவர்கள் வீடு புகுந்தும் வஞ்சித்தும் பிடிக்கப்பட்டதை அறிந்தார். முப்பது ஆண்டுகளாக அவர் கேளாதிருந்த கேள்வி அது. கண்முன் மடிந்தவருக்காகக் கடல் பல கடந்தவர், கப்பலின் அடித்தட்டில் வந்தவர் எங்கிருந்து எப்படி வந்தார் என்று வினவவே இல்லை. கருணைக்குக் கண் வேண்டும். அவருடைய கண் ஒரு திசையிலேயே திறந்திருந்தது என்பது நம் கருத்து.

ஆயினும் உண்மை தெரிந்தபின் அவர் அதனை மூடி மறைக்கவில்லை. தாம் எழுதிவந்த இந்தியத் தீவுகளின் வரலாற்றிலே, கறுப்பின மக்களை அடிமைப்படுத்தியதும் தீவு மக்களை அடிமைப்படுத்தியதைப் போன்றே அநீதி என்றும், தாம் கூறிய யோசனைக்காக வருந்துவதாகவும், அறியாமற் செய்தது என்பதால் இறைவன் திருமுன் மன்னிப்புக் கிடைக்குமோ என்பது உறுதியில்லை என்றும் எழுதிவைத்தார். ஐரோப்பாவில் அக்காலத்தே இவ்வாறு எழுதியவர் மிகச் சிலர்.

எனினும் அவ்வெழுத்து எவரையும் விடுவிக்கவில்லை. நாற்பது ஆண்டு வரை அந்நூலை வெளியிடலாகாது என 1559இல் அவரே விதித்தார். 1566 ஜூலை 18ஆம் நாள் மாட்ரிட் நகரில் உயிர்நீத்தார். நாற்பது ஆண்டு கழிந்தும் அதனை அச்சிடுவார் இல்லை. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர் கப்பலேற்றப்பட்டனர் என்றும், அவர்களுள் ஏறக்குறைய பதினெட்டு இலட்சம் பேர் கரை காணாமலே கடலில் மாண்டனர் என்றும் ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். லாஸ் காஸாஸின் நூல் 1875இல்தான் அச்சேறத் தொடங்கிற்று. அவர் தம் ஆட்களைத் துறந்த அந்தக் கியூபாவில் அப்போதும் கறுப்பின மக்கள் அடிமைகளாகவே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1886இல்.