சம்பளம் வாங்காத தாதி

பேச்சுப் போட்டி மேடையில் ஏறிய எம்மில் எத்தனையோ பேர் விளக்கேந்திய சீமாட்டியை மனனம் செய்து ஒப்புவித்திருக்கிறோம். அந்தப் பேச்சுகளில் விளக்கு இருக்கும், கருணை இருக்கும், காயப்பட்ட போர்வீரர் இருப்பார்கள். காசு மட்டும் இராது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் வாழ்க்கையைக் காசின் பக்கமிருந்து பார்த்தால் நாம் மனனம் செய்ததைவிடச் சுவையான ஒரு கதை கிடைக்கிறது. தாதியரான பழைய மாணவியர் உள்நாட்டிலும் கடல் கடந்தும் இம்மலரை வாசிப்பார்கள் என்பதால் அதையே இங்கு சொல்ல விரும்புகிறோம்.

அவர் 1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரே பிள்ளைக்கும் பெயராயிற்று. தந்தையார் பெருஞ்செல்வர். டார்பிஷயரில் ஒரு வீடு, ஹம்ஷயரில் எம்பிளி பார்க் என்ற மாளிகை, பருவத்துக்குப் பருவம் லண்டன் வாசம் என்று குடும்பம் வாழ்ந்தது. தந்தையாரே மகளுக்குக் கிரேக்கம், இலத்தீன், சரித்திரம், தத்துவம் எல்லாம் கற்பித்தார். அக்காலத்து ஆண்பிள்ளைகளிலும் பலருக்குக் கிடைக்காத கல்வி அது. பதினாறு வயதில், 1837இல், கடவுள் தம்மை ஒரு பணிக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். அந்தப் பணி நோயாளரைப் பராமரிப்பது என்று தெளிய இன்னும் சில ஆண்டுகள் சென்றன.

1845இல் சோல்ஸ்பரி வைத்தியசாலையில் பயிற்சி பெற அனுமதி கேட்டார். வீட்டில் பெரும் அமர்க்களம். தாயார் வெட்கத்தால் குன்றிப்போனார். அவர்களை முழுவதும் குறை சொல்லவும் முடியாது. அந்நாளில் வேறு பிழைப்புக்கு வழியற்ற பெண்களே ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார்கள். குடியும் ஒழுக்கக்கேடும் அந்த வேலையோடு ஒட்டிப்பிறந்தவை என்று உலகம் நினைத்தது. எமது சமூகத்திலும் வெகுகாலம் இல்லை, படித்த குடும்பத்துப் பிள்ளை தாதி வேலைக்குப் போவதென்றால் இரவுக் கடமையையும் கலியாணப் பேச்சையும் காட்டி மறித்த பெற்றோர் இருந்தார்கள். இம்மலரை வாசிக்கும் சிலருக்கு அது ஞாபகம் இருக்கும்.

நைற்றிங்கேல் விட்டுக்கொடுக்கவில்லை. விடியுமுன் எழுந்து மெழுகுதிரி வெளிச்சத்தில் வைத்தியசாலை அறிக்கைகளைப் படித்தார். தம்மை விரும்பிய ரிச்சர்ட் மொங்ரன் மில்ன்ஸை 1849இல் மறுத்தார். 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற கண்ணியப் பெண்களுக்கான ஒரு சிறு வைத்தியசாலைக்கு மேற்பார்வையாளரானார். சம்பளம் இல்லை. அந்த ஆண்டு தந்தையார் வருடத்துக்கு 500 பவுண் தருவதாக ஏற்பாடு செய்திருந்தார். ஆக, காசைப் பற்றிய கவலை இல்லாத ஒரு பெண் தாதி வேலை செய்வாளா என்ற கேள்விக்கு அவரே பதிலாக அமைந்தார்.

அடுத்த ஆண்டு கிரிமிய யுத்தம். 1854 ஒக்ரோபரில் அவர் 38 பெண்களோடு புறப்பட்டு, நவம்பர் தொடக்கத்தில் இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதியான ஸ்குட்டாரியில் இறங்கினார். இந்த 38 பேரையும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அவர்களில் 14 பேர் லண்டன் வைத்தியசாலைகளில் கூலிக்கு வேலை செய்து வந்தவர்கள். உணவும் சீருடையும் போக வாராந்தச் சம்பளம் என்ற ஒப்பந்தத்தில் வந்தார்கள். மற்ற 24 பேர் கத்தோலிக்க, அங்கிலிக்கன் கன்னியரும் சமய நிறுவனங்களைச் சேர்ந்தவர்களும்.

சம்பளத்துக்கு வந்தவர்கள் கெட்டவர்கள், சேவைக்கு வந்தவர்கள் நல்லவர்கள் என்று கதை முடிந்திருந்தால் பேச்சுப் போட்டிக்கு வசதியாக இருக்கும். நடந்தது அப்படியல்ல. கூலித் தாதிகளில் சிலர் குடித்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் இறுதிவரை நின்று உழைத்தார்கள். பக்தியோடு வந்தவர்களில் சிலர் கைதேர்ந்த தாதிகளாக இருந்தார்கள்; வேறு சிலருக்கு நோயாளியின் புண்ணைவிட ஆன்மாவிலேயே அக்கறை அதிகம். பின்னால் வந்த சீமாட்டிகளில் சிலர் படுக்கை விரிக்கவும் தெரியாமல் திகைத்தார்கள். சம்பளம் வாங்குகிறாளா இல்லையா என்பதை வைத்து ஒரு தாதியின் தரத்தை அளக்க முடியாது என்பதை நைற்றிங்கேல் அந்த இருபது மாதங்களில் கண்ணால் கண்டார். அவருடைய பிற்கால முடிவுகளுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. விளக்கோடு அவர் நடந்த அந்த முதற் குளிர்காலத்தில் ஸ்குட்டாரியில் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பெப்ரவரியில் சேர்க்கப்பட்ட நூறு பேரில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டடத்தின் அடியில் அடைபட்ட கழிவுக் கால்வாய்கள், அசுத்தமான நீர், காற்றில்லாத நெருக்கம் ஆகியவையே காரணம். மார்ச் மாதத்தில் சுகாதார ஆணைக்குழு வந்து கால்வாய்களைத் துப்புரவாக்கிய பிறகே, கோடை தொடங்குமுன் அந்த விகிதம் இரண்டளவுக்கு விழுந்தது. ஊர் திரும்பிக் கணக்குகளை ஆராய்ந்தபோது அவருக்கே இது முழுதாக விளங்கியது. அன்பு மாத்திரம் ஆளைப் பிழைக்க வைக்காது என்று அறிந்த பின் அவர் புள்ளிவிபரத்தைக் கையில் எடுத்தார். 1858இல் லண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

அவர் போர்முனையில் இருக்கும்போதே நாட்டு மக்கள் அவர் பெயரால் ஒரு நிதி திரட்டினார்கள். படைவீரர்கள் தமது ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள். 44,000 பவுணுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில்தான் 1860இல் லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. சேர்ந்த பெண்கள் கட்டணம் கட்டவில்லை. இருப்பிடம், உணவு, சீருடை, சலவை எல்லாம் இலவசம். அதற்கு மேல் கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுண்.

ஒரு சதமும் சம்பளம் தேவைப்படாத அந்த அம்மையார், மற்றத் தாதியர் சம்பளமின்றிச் சேவை செய்யவேண்டும் என்று ஒருபோதும் சொல்லவில்லை. கூலி வாங்காத சேவையே புனிதமானது என்ற எண்ணத்தை அவர் ஏற்கவேயில்லை. ஒழுங்கான சம்பளம், பாதுகாப்பான தங்குமிடம், முதுமையில் ஓய்வூதியம் எல்லாம் வேண்டுமென்று அவர் அரசாங்கத்துக்கு எழுதியவற்றில் கணக்குப் போட்டுக் காட்டினார். 500 பவுண் வருமானம் உள்ளவர்களை மாத்திரம் நம்பி ஒரு நாட்டின் வைத்தியசாலைகளை நடத்த முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

லிவர்பூலில் அது பரீட்சிக்கப்பட்டது. அங்குள்ள ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதியில், அவ்விடுதியில் அடைக்கலம் புகுந்த ஏழைப் பெண்களே மற்ற ஏழைகளைப் பராமரித்தார்கள். செலவில்லாத ஏற்பாடு. விளைவு படுமோசம். வில்லியம் ரத்போன் என்ற வணிகர் பணம் தர, 1865இல் அக்னஸ் ஜோன்ஸ் என்ற அயர்லாந்துப் பெண் பயிற்சி பெற்ற, சம்பளம் பெறும் தாதியரோடு அங்கே பொறுப்பேற்றார். அவரும் வசதியான வீட்டுப் பிள்ளை, நைற்றிங்கேல் பாடசாலையின் மாணவி. மூன்றே ஆண்டில், 35 வயதில், காய்ச்சல் தொற்றி இறந்தார். வைத்த முறை மட்டும் நிலைத்தது.

எமது பக்கத்துக்கும் அவருடைய கை நீண்டது. இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. ஆனால் 1859 முதல் இந்தியப் படையின் சுகாதாரம் பற்றிய ஆணைக்குழுவுக்காக உழைத்தார். 1876–78 சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது நீர்ப்பாசனத்தைப் பற்றி ஓயாமல் எழுதினார்.

இலங்கையில் கதை வேறு விதமாகச் சென்றது. 1877இல் ஊட்டியில் பிறந்த ஒரு துறவற சபையைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் கன்னியர் 1886இல் கொழும்பு பெரியாஸ்பத்திரிக்கு வந்தார்கள். வெள்ளை அங்கியோடு அவர்கள் அங்கே செய்த பணியை மூத்த பழைய மாணவியர் சிலர் நேரில் கண்டிருப்பார்கள். அவர்கள் தமக்கென்று பணம் வைத்துக்கொள்ளாதவர்கள். ஆனால் நோயில் விழுந்தால் பார்க்கவும், முதுமையில் சோறு போடவும் மடம் பின்னால் இருந்தது. குடும்பமுள்ள தாதிக்கு அந்த மடம் அவளுடைய சம்பளமும் ஓய்வூதியமுந்தான்.

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் வாழும் எமக்கு அவசரமென்றால் ஓடும் இடம் களுபோவில. பெயர்ப்பலகையில் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை என்றிருந்தாலும் எமக்கு அது களுபோவில ஆஸ்பத்திரிதான். அங்கும் வேறு அரச வைத்தியசாலைகளிலும் கடமை செய்த எம் தோழியரிடம் தேநீர் வேளையில் விளையாட்டாகக் கேட்டோம்: பெரிய லொத்தர் ஒன்று விழுந்தால் வேலையை விடுவீர்களா? ஒருத்தி யோசியாமலே விடுவேன் என்றாள். முழங்கால் தேய்ந்த இன்னொருத்தி இரவுக் கடமையை மட்டும் விடுவாளாம். மற்றொருத்தி, ஒரு வாட்டுக்குத் தேவையான அளவு தாதியரை நியமித்தால் லொத்தர் விழாமலே நிற்பேன் என்று சிரித்தாள். 2022இன் நெருக்கடிக்குப் பின் எத்தனையோ தாதியர் நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்கள் விட்டது இந்த நாட்டுச் சம்பளத்தை. போன இடத்திலும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்களைச் சேவை மனப்பான்மை இல்லாதவர்கள் என்று சொல்லி, அதற்குச் சாட்சியாக விளக்கேந்திய சீமாட்டியை இழுப்பவர்கள் அவருடைய கணக்குப் புத்தகத்தை ஒரு முறை பார்ப்பது நல்லது.

அவரே நோயாளியின் கட்டிலருகே நின்ற காலம் மிகச் சொற்பம். 1853 முதல் 1856 வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். கிரிமியாவில் பிடித்த காய்ச்சலின் பின்விளைவால் 1857 முதல் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமாகவே வாழ்ந்தார். அந்தப் படுக்கையிலிருந்து நாற்பது ஆண்டுக்கு மேல், கண்பார்வை மங்கும்வரை, தாதியருக்காகவும் வைத்தியசாலைகளுக்காகவும் எழுதிக்கொண்டே இருந்தார். அதற்கும் யாரும் சம்பளம் தரவில்லை. எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்தார் என்றும் சொல்லமாட்டோம். தாதியருக்கு அரச பதிவு வேண்டும் என்று மற்றவர்கள் போராடியபோது, குணத்தைப் பரீட்சையால் அளக்க முடியாது என்று பிடிவாதமாக எதிர்த்தார். இன்று பதிவு இல்லாத தாதியை எந்த வாட்டிலும் விடமாட்டார்கள்.

1907இல் 'ஓர்டர் ஒவ் மெரிட்' விருது பெற்ற முதற் பெண் ஆனார். 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி, 90ஆவது வயதில், லண்டனில் உறக்கத்தில் உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய முன்வந்தார்கள்; குடும்பத்தார் வேண்டாமென்றார்கள். ஹம்ஷயரின் கிராமத்துத் தேவாலய முற்றத்தில், பெற்றோரின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே அவருக்குரிய பக்கத்தில் பெயரின் இரண்டு முதலெழுத்துகளும் பிறந்த இறந்த திகதிகளும் மாத்திரம் பொறிக்கப்பட்டுள்ளன.