சுப்பாராவ்: ஆசிரியர் பட்டியலில் இல்லாத பெயர்

1948ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியானது. கடும் இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்து கொடுக்கப்பட்டதில், 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்பதே அதன் சாரம். அதுவரை அந்நோய் கண்ட குழந்தைகளுக்கு மருத்துவர்களால் செய்ய முடிந்தது மிகக் குறைவு. கட்டுரையை எழுதியவர்கள் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பரும் அவரது சகாக்கள் நால்வரும். மருந்து உருவான ஆய்வுக்கூடத்தின் தலைவரான எல்லாப்பிரகடா சுப்பாராவின் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லை. இரண்டு மாதங்கள் கழித்து, ஆகஸ்டில், தமது 53ஆவது வயதில் அவர் காலமானார்.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் 1895இல் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுமையான மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த சான்றிதழே பெற்றார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அவரது சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர்.

1922இல் அவர் பாஸ்டனுக்குச் சென்றார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து 1925இல் அவர் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவீட்டு முறை, அறிவியல் வரலாற்றில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று. தசைகளில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதை 1927இலும், உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனலாகும் ஏடிபியை 1929இலும் இருவரும் அறிவித்தனர். ஏடிபியை அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியாகக் கண்டறிந்திருந்தார்.

இத்தகைய வெளியீட்டுப் பட்டியலைக் கொண்ட ஒருவருக்கு ஹார்வர்டு நிரந்தரப் பதவி வழங்கவில்லை. அதைவிடக் கவனிக்கத்தக்கது, வெளிவராத ஆய்வுகள். ஃபிஸ்க்கின் பொறாமை காரணமாகவே சுப்பாராவின் பல பங்களிப்புகள் வெளிச்சத்துக்கு வரவில்லை என்றும், அவர் பிரித்தெடுத்த சில பொருட்களைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், அதே ஆய்வுக்கூடத்தில் பயின்று 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் பிற்காலத்தில் தெரிவித்தார். பல்கலைக்கழகங்களிலும் அதிகாரம் உண்டு. எதை, யார் பெயரில், எப்போது வெளியிடுவது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுவே.

1940இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவன ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். அங்கே நிலைமை நேர்மாறானது. ஃபோலிக் அமிலத்தின் கட்டமைப்பையும் தயாரிப்பையும் அறிவித்த 1946ஆம் ஆண்டுக் கட்டுரையில் 16 பேரின் பெயர்கள் உள்ளன. குழுவை வழிநடத்திய சுப்பாராவின் பெயர் அவற்றின் நடுவே எங்கோ இருக்கிறது. அவரது சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்ப்ரூ நோய்க்கு அதே ஃபோலிக் அமிலம் சிகிச்சையானது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் இக்கூடத்திலிருந்தே வந்தது.

ஃபார்பருடனான கூட்டுறவு ஒரு தோல்வியில் தொடங்கியது. லெடர்லி அனுப்பிய ஃபோலிக் அமிலச் சேர்மங்களைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தபோது, இரத்தப் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக விரைவுபடுவதாக ஃபார்பர் கருதினார். அப்படியானால் அந்த ஊட்டச்சத்தைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்குமல்லவா? பெருகும் உயிரணுக்கள் மரபணுப் பொருளை உருவாக்க ஃபோலிக் அமிலம் தேவை. அதை ஒத்திருந்தும் அதன் வேலையைச் செய்யாத மூலக்கூறுகளை லெடர்லி வேதியியலாளர்கள் உருவாக்கினர். அவற்றுள் ஒன்றே அமினோப்டெரின். 1948ஆம் ஆண்டுக் கட்டுரையின் உள்ளே சுப்பாராவுக்கும் அவரது குழுவினருக்கும் உரிய குறிப்பு இருக்கிறது. மருந்து நிறுவனத்தவரை ஆசிரியராகச் சேர்ப்பது அக்காலத்தில் கட்டாயமல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற 1946இல்தான் சட்டம் வழிவிட்டது. சுப்பாராவ் அமெரிக்கக் குடிமகனாகாமலே இறந்தார். 1922க்குப் பின் அவர் தாயகம் திரும்பவுமில்லை.

அமினோப்டெரினின் உறவு மருந்தான மெத்தோட்ரெக்சேட், 1956இல் நச்சுக்கொடித் திசுவில் தோன்றும் புற்றுநோயைக் கட்டுப்படுத்தியதாக மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் அறிவித்தனர். இன்று முடக்கு வாதத்துக்கும் அது கொடுக்கப்படுகிறது. சுப்பாராவின் பெயரோ, 1953இல், கழிவுநீர் வடிகட்டியில் வளரும் ஒரு பூஞ்சைக்குச் சூட்டப்பட்டது.