நாரிஸ் வில்லியம்ஸ்

1912-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி அதிகாலையில் டைட்டானிக் கப்பல் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தில் அமிழ்ந்ததும், சுமார் 1,500 பேர் மாண்டதும் உலகறிந்த செய்தி. அன்று உயிர் பிழைத்தோருள் இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர், பின்னர் அமெரிக்க டென்னிஸ் உலகில் முடிசூடா மன்னராக விளங்கினார் என்பதைச் சிலரே அறிவர். அவர்தாம் ரிச்சர்டு நாரிஸ் வில்லியம்ஸ்.

இவர் 1891-ம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி, ஸ்விட்ஜர்லாந்து நாட்டு ஜினீவா நகரில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தார். இளமையில் டென்னிஸ் பயிற்றுவித்தவர் தந்தையாரே. அமெரிக்கப் பந்தயங்களில் ஆடவும், ஹார்வர்டு சர்வகலாசாலையில் சேரவும் கருதி, வில்லியம்ஸ் தந்தையாருடன் பிரான்ஸ் தேசத்து ஷெர்பூர் துறைமுகத்தில் அக்கப்பலேறினார். கப்பல் மூழ்குங்கால் அதன் புகைபோக்கி முறிந்து வீழ, தந்தையார் மகன் கண்ணெதிரிலேயே மாண்டார். வில்லியம்ஸ் நீந்திச் சென்று, பாதி நீரில் ஆழ்ந்து கிடந்த படகொன்றைப் பற்றினார். அங்கே பனிக்கட்டியனைய நீரில் கால்கள் தோய, மணிக்கணக்காய் நின்றார். உடனிருந்தோர் பலர் குளிரால் ஒருவர்பின் ஒருவராய் இறந்தனர்.

மீட்க வந்த கார்ப்பேத்தியா கப்பலின் வைத்தியர் இவருடைய கால்களைச் சோதித்து, இரண்டையும் வெட்டி நீக்குவதே தக்கதெனக் கூறினார். வைத்தியர் சொல்லில் வஞ்சகமில்லை. உயிரைக் காக்கும் கருத்தே இருந்தது. வில்லியம்ஸ் இசையவில்லை. உயிர்ப்பற்றுப்போன கால்களை ஊன்றி எழுந்து, சில மணிக்கொருமுறை, இரவென்றும் பகலென்றும் பாராது, கப்பல் தளத்தில் நடந்தார். மெல்ல மெல்ல இரத்த ஓட்டம் திரும்பிற்று. அவ்வாண்டிலேயே மேரி பிரவுன் அம்மையாருடன் சேர்ந்து அமெரிக்கக் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார்!

1914-ல் நியூபோர்ட்டில் நடந்த தேசியப் பந்தயத்தில், அதே டைட்டானிக்கிலிருந்து தப்பிய கார்ல் பெர் என்பவரை வென்று முன்னேறினார். இறுதி ஆட்டத்தில் எதிர்த்து நின்றவர் மாரிஸ் மக்லாக்லின். 1912, 1913 இரு வருஷங்களிலும் பட்டம் பெற்றவர். முந்திய வருஷத்து இறுதி ஆட்டத்தில் வில்லியம்ஸையே தோற்கடித்தவர். அவரை 6-3, 8-6, 10-8 என்ற கணக்கில் வீழ்த்தி, வில்லியம்ஸ் ஒற்றையர் பட்டத்தைக் கைக்கொண்டார். 1916-ல் வில்லியம் ஜான்ஸ்டனுடன் ஆடிய இறுதி ஆட்டத்திலோ, மூன்றாவது செட்டில் ஒரு கேம்கூடப் பெறாது தோற்றார். பார்த்தோர் கதை முடிந்ததென்றே எண்ணியிருப்பர். ஆயினும் அடுத்த இரு செட்டுகளையும் வென்று பட்டத்தை மீண்டும் பெற்றார். பந்து எழும்பும்போதே முன்சென்று அடித்து, கோட்டோரத்தைக் குறிவைப்பது இவர் முறை. அம்முறை கைகூடின நாளில் இவரை வெல்வார் அரியர். தவறின நாளில் எளியோரும் வெல்வர். பத்திரமான ஆட்டத்தை இவர் நாடியதேயில்லை.

முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சேனையில் சேர்ந்து பிரான்ஸில் பணியாற்றி, அந்நாட்டின் வீர விருதுகளைப் பெற்றார். 1920-ல் சார்லஸ் கார்லண்டுடன் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றார். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில், கணுக்காலில் காயமுற்றிருந்தும், ஹேசல் வைட்மன் அம்மையார் துணையுடன் கலப்பு இரட்டையர் தங்கப் பதக்கத்தை அடைந்தார். டேவிஸ் கோப்பைக்காகவும் பன்முறை தம் நாட்டின் சார்பில் ஆடினார். பின்னர் பிலடெல்பியா நகரில் நிதித் தொழில் நடத்தி, பென்ஸில்வேனியா சரித்திரச் சங்கத்துக்குத் தலைமை வகித்து, 1968-ம் வருஷம் ஜூன் 2-ந் தேதி காலமானார். டைட்டானிக் கதையைப் பொதுமேடையில் சொல்லிப் பெருமை தேடியவரல்லர்.

வைத்தியர் சொல்லை மறுத்ததே இவர் வீரமென்று எவரும் கொள்ளலாகாது. மறுப்பது ஒரு கணத்துச் செயல், எவர்க்கும் எளிது. மறுத்தபின் வலியைப் பொறுத்து, துணையின்றி, பலன் உறுதியில்லாத நிலையிலும் அடிமேல் அடி வைத்து நடந்தாரே, அதுவன்றோ வீரம்! பொதுக் காரியத்தில் இறங்கி, வேண்டாமென்று உரக்கக் கூறுவதோடு கடமை தீர்ந்ததென நினைப்போர், அக்கப்பல் தளத்து நடையைச் சற்றே சிந்திப்பாராக.